எதிரி பார்த்துக்கொண்டிருக்கும்போது: பனிப்போரும் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டமும்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1958-ல் ஜிம்மி வில்சன் என்ற கறுப்பினத்தவர் மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் இருந்தார். வயதான வெள்ளையினப் பெண் ஒருவரிடம் கொள்ளையடித்தார் என்பது குற்றச்சாட்டு. கொள்ளைபோன தொகை 1 டாலர் 95 சென்ட். செய்தி வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்ததும் அமெரிக்கத் தூதரகங்களுக்கும் அலபாமா கவர்னர் ஜேம்ஸ் ஃபோல்சமுக்கும் கடிதங்கள் குவியத் தொடங்கின. வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், உலகில் எழுந்திருக்கும் எதிர்ப்பைச் சொல்லி கவர்னருக்குத் தந்தி அனுப்பினார். சீக்கிரமே கவர்னர் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்.

ஒரு மாநிலத்தின் கொள்ளை வழக்கில் நாட்டின் வெளியுறவு அமைச்சருக்கு என்ன வேலை? இந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. கூடவே இன்னொன்றும் உண்டு. வில்சன் உயிர் பிழைத்தார், ஆனால் இரண்டு டாலருக்கும் குறைவான தொகைக்கு ஆயுள் சிறை என்பது அப்படியே நின்றது. கடிதங்கள் குறைந்தன, தூதரகங்கள் நிம்மதி அடைந்தன. வெளிநாட்டு அழுத்தம் எதைச் சாதிக்கும், எங்கே நின்றுவிடும் என்பதற்கு இந்த வழக்கைவிடச் சுருக்கமான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

பின்னணியை முதலில் பார்த்துவிடுவோம். இரண்டாம் உலகப் போர் 1945-ல் முடிந்ததும் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் எதிரெதிரே நின்றன. நேரடிப் போர் இல்லை என்பதால் அதைப் பனிப்போர் என்றார்கள். அதே சமயத்தில் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் காலனி நாடுகள் வரிசையாக விடுதலை பெற்றுக்கொண்டிருந்தன. 1960 என்ற ஒரே ஆண்டில் மட்டும் 17 ஆப்பிரிக்க நாடுகள் சுதந்திரம் அடைந்தன. இந்தப் புதிய நாடுகள் எந்தப் பக்கம் சாயும் என்பதுதான் இரண்டு வல்லரசுகளின் கவலை. ஐ.நா. சபையில் அவற்றுக்கும் ஆளுக்கொரு வாக்கு இருந்தது, அவற்றின் மண்ணில் கனிமங்களும் துறைமுகங்களும் இருந்தன.

அமெரிக்கா அவர்களிடம் சொன்னது ஒரே வார்த்தை: சுதந்திரம். ஆனால் அதே அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி, பேருந்தில் பின் இருக்கை, தனிக் குடிநீர்க் குழாய். வாக்களிக்கப் போனால் வேலை போகும், சில இடங்களில் உயிரும் போகும். ஊருக்குத்தான் உபதேசம் என்று சோவியத் பத்திரிகைகள் கிண்டலடிக்க இது போதாதா? இந்த விஷயத்தில் அவர்கள் பெரிதாகக் கற்பனை செய்யத் தேவையே இருக்கவில்லை. அமெரிக்கச் செய்திகளை எடுத்து அப்படியே மறுபதிப்புச் செய்தாலே போதும். (சோவியத்துக்குக் கறுப்பினத்தவர் மேல் இருந்த அக்கறையைப் பற்றி யாரும் மயங்க வேண்டாம். தன் நாட்டில் உழைப்பு முகாம்கள் வைத்திருந்த அரசு அது.)

சரி, எதிரி கிண்டலடித்தால் ஓர் அரசு ஏன் அசைய வேண்டும்? இதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவின் ஆட்சி அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே பள்ளி, காவல், தேர்தல் நடத்துவது எல்லாம் பெரும்பாலும் மாநிலங்களின் கையில். கறுப்பினத்தவர் வாஷிங்டனிடம் முறையிட்டால், ‘அது மாநில விவகாரம், நாங்கள் தலையிட முடியாது’ என்று கைவிரிப்பது பல பத்தாண்டுகளாக வழக்கம். மாநிலமோ, முறையிட்டவர்களைத் தண்டித்தது. பனிப்போர் இந்தப் பூட்டைத் தளர்த்தியது. மிசிசிப்பியில் நடக்கும் ஒரு கொலை இந்தியாவின் ஆக்ராவிலும் கானாவின் அக்ராவிலும் தலைப்புச் செய்தியானால் அது மாநில விவகாரமாக இருக்க முடியாது. அது வெளியுறவுக் கொள்கை ஆகிவிடுகிறது, வெளியுறவோ மத்திய அரசின் பொறுப்பு. உள்ளூர் அநீதி நாட்டின் பாதுகாப்புப் பிரச்சினையாக மாறும் இந்த இடம்தான் முழுக் கருத்தின் அச்சாணி.

இந்தச் சாவியைக் கறுப்பினத் தலைவர்கள் பனிப்போருக்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். 1941-ல் ஹிட்லரை எதிர்க்க அமெரிக்கா ஆயுத உற்பத்தியைப் பெருக்கிக்கொண்டிருந்தது. அந்தத் தொழிற்சாலைகளில் கறுப்பினத்தவருக்கு வேலை மறுக்கப்பட்டது. ரயில்வே தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப், பல்லாயிரம் பேரை வாஷிங்டனுக்கு அழைத்துவந்து ஊர்வலம் போவேன் என்றார். இனவெறி நாஜிகளை எதிர்க்கும் நாட்டின் தலைநகரில், இனவெறியை எதிர்த்து ஊர்வலமா? அதிபர் ரூஸ்வெல்ட் முதலில் சமாதானம் பேசிப் பார்த்தார். கடைசியில் ஜூன் 25 அன்று பாதுகாப்புத் தொழில்களில் பாகுபாட்டைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தார். ஊர்வலம் ரத்தானது.

போர் முடிந்து திரும்பிய கறுப்பின வீரர்கள் சீருடையிலேயே தாக்கப்பட்டார்கள். 1946-ல் தென் கரோலினாவில் ஐசக் உட்வர்ட் என்ற வீரர், ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்ட சில மணி நேரத்திலேயே போலீஸ் தாக்கியதில் இரு கண்களையும் இழந்தார். அதிபர் ட்ரூமனை அது உலுக்கியது. அந்த டிசம்பரில் அவர் அமைத்த குழு 1947-ல் அறிக்கை தந்தது. சீர்திருத்தம் ஏன் தேவை என்பதற்கு அறிக்கை சொன்ன காரணங்கள் மூன்று: அறம், பொருளாதாரம், உலக அரங்கு. உலகம் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதை அலட்சியம் செய்யும் அளவுக்கு அமெரிக்கா வலிமையானது அல்ல என்று அது வெளிப்படையாகவே எழுதியது. 1948 ஜூலை 26 அன்று ராணுவத்தில் சம நடத்தைக்கு ட்ரூமன் ஆணையிட்டார். அந்த ஆண்டு அதிபர் தேர்தல், வட மாநில நகரங்களில் கறுப்பினத்தவரின் வாக்குகள் அவருக்குத் தேவைப்பட்டன என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். பனிப்போர்தான் எல்லாவற்றையும் செய்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பின உரிமை அமைப்பின் வழக்கறிஞர்கள் 1930-களிலிருந்தே பள்ளிப் பாகுபாட்டை எதிர்த்து வழக்குமேல் வழக்காக நடத்திவந்தார்கள். அவர்கள் தட்டிக்கொண்டிருந்த கதவின் உட்பக்கத்தில் இருந்தவர்களுக்கு, திறந்துவிட ஒரு புதிய காரணம் கிடைத்தது. பனிப்போரின் பங்கு அவ்வளவுதான்.

அந்தக் காரணம் நீதிமன்றத்துக்குள்ளேயே நுழைந்தது. பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லுமா என்ற பிரவுன் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தபோது, வழக்கில் தரப்பாக இல்லாத மத்திய அரசு 1952 டிசம்பரில் தானாக முன்வந்து ஓர் அறிக்கை தாக்கல் செய்தது. இனப்பாகுபாடு கம்யூனிஸ்ட் பிரசாரத்துக்குத் தீனி போடுகிறது, நட்பு நாடுகள்கூட நம் ஜனநாயகப் பற்றைச் சந்தேகிக்கின்றன என்பது அதில் ஒரு வாதம். வெளியுறவு அமைச்சர் டீன் அச்சிசனின் கடிதமும் அதில் இடம்பெற்றது. ஐந்து வயதுக் குழந்தை எந்தப் பள்ளியில் படிக்கலாம் என்ற வழக்கில் வெளியுறவு அமைச்சரின் கடிதம்! 1954 மே 17 அன்று, பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஒரு மணி நேரத்துக்குள் அரசு வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா அதை உலகுக்கு ஒலிபரப்பத் தொடங்கியது. தெற்கில் தீர்ப்பு நடைமுறைக்கு வந்த வேகம் வேறு. பத்து ஆண்டுகள் கழித்தும் தென் மாநிலங்களில் வெள்ளையினப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்த கறுப்பினப் பிள்ளைகள் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர்தான்.

விருந்தாளி வருகிறார் என்றால் கூடத்தைப் பெருக்குவோம், கொல்லைப்புறம் அப்படியே கிடக்கும். பனிப்போர்ச் சீர்திருத்தத்தில் இந்தக் குணம் நிறையவே இருந்தது. அதை அப்பட்டமாகக் காட்டிய இடம் ஒரு நெடுஞ்சாலை.

நெடுஞ்சாலைக்கு முன்னால் இரண்டு சம்பவங்கள். 1955-ல் இந்தியத் தூதர் ஜி.எல். மேத்தா ஹூஸ்டன் விமான நிலைய உணவகத்தில் வெள்ளையினத்தவருக்கான பகுதியில் உட்கார்ந்தபோது எழுப்பி வேறு அறைக்கு அனுப்பப்பட்டார். வெளியுறவு அமைச்சர் டல்லஸ் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. 1957 அக்டோபரில் கானாவின் நிதியமைச்சர் கோம்லா பெடெமா டெலவேர் மாநிலத்தின் டோவர் நகரில் ஆரஞ்சு ஜூஸ் வாங்கினார். உள்ளே உட்கார்ந்து குடிக்க அனுமதி இல்லை என்றார்கள். அந்த ஆண்டு மார்ச்சில்தான் கானா விடுதலை விழாவுக்குத் துணை அதிபர் நிக்சன் போயிருந்தார். ‘உங்கள் துணை அதிபர் என் வீட்டில் சாப்பிடலாம், நான் இங்கே சாப்பிடக்கூடாதா’ என்று பெடெமா கேட்டார். அதிபர் ஐசன்ஹோவர் அவரை வெள்ளை மாளிகைக்குக் காலை உணவுக்கு அழைத்தார்.

நியூயார்க்கில் ஐ.நா. சபை, வாஷிங்டனில் தூதரகங்கள். இரண்டுக்கும் நடுவே காரில் போகிறவர்கள் மேரிலாந்து வழியாக 40-ம் எண் நெடுஞ்சாலையில்தான் பெரும்பாலும் போனார்கள். சாலையோர உணவகங்கள் கறுப்பினத்தவருக்குப் பரிமாறுவதில்லை. புதிய ஆப்பிரிக்கத் தூதர்கள் ஒருவர் பின் ஒருவராக இங்கே அவமானப்பட்டார்கள். 1961-ல் சாட் நாட்டுத் தூதர் ஆடம் மாலிக் சோ, அதிபர் கென்னடியிடம் தன் நியமனப் பத்திரத்தைக் கொடுக்கப் போகும் வழியில் காபி கேட்டு மறுக்கப்பட்டார். சாதாரணக் கறுப்பினத்தவர் போலத்தான் தெரிந்தார், தூதர் என்று எனக்கு எப்படித் தெரியும் என்ற பொருளில் உணவகத்தார் பத்திரிகைக்குப் பேட்டி வேறு கொடுத்தார்கள். கென்னடிக்கு முதலில் வந்தது எரிச்சல். அந்தத் தூதர்களை விமானத்தில் போகச் சொல்லுங்கள் என்று அவர் சொன்னது பதிவாகியிருக்கிறது.

வெளியுறவுத் துறை இதற்கென்றே ஒரு பிரிவு வைத்து, உணவக உரிமையாளர்களிடம் போய்க் கெஞ்சியது. தூதர்களுக்காவது பரிமாறுங்கள், நாட்டின் மானம் போகிறது என்று. பால்டிமோர் நகரின் ‘ஆஃப்ரோ-அமெரிக்கன்’ பத்திரிகைக்கு இதில் ஒரு குறும்பு தோன்றியது. 1961 ஆகஸ்டில் அதன் நிருபர்கள் மூன்று பேர் பகட்டான உடையும் வாடகை லிமோசின் காருமாகக் கிளம்பினார்கள். ‘கோபான்’ என்ற நாட்டின் பிரமுகர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். அப்படி ஒரு நாடே கிடையாது. இருந்தும் பல உணவகங்களில் அவர்களுக்கு உபசாரம் நடந்தது. அதே ஊரில் பிறந்து வரி கட்டும் கறுப்பினத்தவருக்குக் கிடைக்காத இருக்கை, இல்லாத நாட்டின் அமைச்சருக்குக் கிடைத்தது.

இந்தக் கதை சிரிப்போடு முடிந்திருந்தால் வெறும் துணுக்காகப் போயிருக்கும். கோர் என்ற உரிமை அமைப்பு அந்த நெடுஞ்சாலையையே போராட்டக் களமாக்கியது. தூதருக்கு மட்டும் என்றால் முடியாது, எல்லாருக்கும் பரிமாறு என்றது. உணவகம் உணவகமாக மறியல் நடந்தது. 1963-ல் மேரிலாந்து பொது இடங்களில் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் கொண்டுவந்தது, அதிலும் சில மாவட்டங்களுக்கு விலக்கு. தூதர்களின் சங்கடம் ஒரு சிறிய இடைவெளியைத் திறந்தது. அதை அகலப்படுத்தியவர்கள் அவமானத்துக்கு மன்னிப்புக் கடிதம் எதுவும் வராத சாதாரண மனிதர்கள்.

லிட்டில் ராக் கதை பலருக்குத் தெரிந்திருக்கும், அதனால் சுருக்கமாக. 1957 செப்டம்பரில் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் வெள்ளையினப் பள்ளிக்குள் போகாமல் கவர்னர் ஆர்வல் ஃபாபஸ் மாநிலப் படையை நிறுத்தினார். கும்பல் சூழ ஒரு சிறுமி தனியாக நடந்துபோகும் படம் உலகமெங்கும் வெளியானது. அரசு ஏற்பாட்டில் சோவியத்துக்குப் போகவிருந்த இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங், என்னால் போக முடியாது என்றார். மூன்று வாரம் இழுத்தடித்த ஐசன்ஹோவர் 24-ம் தேதி ராணுவத்தை அனுப்பினார். அன்று இரவு தொலைக்காட்சியில் பேசும்போது, நம் எதிரிகள் இதைப் பார்த்துக் குதூகலிக்கிறார்கள் என்றார். பத்தே நாளில் சோவியத்தின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் விண்ணில் ஏறியது. அடுத்த ஆண்டு ஃபாபஸ் நகரின் உயர்நிலைப் பள்ளிகளை ஆண்டு முழுக்க மூடிவைத்தார். சட்டப் போராட்டம் நடந்தது, ஆனால் ராணுவம் வரவில்லை. பூட்டிய பள்ளியைப் படம் எடுத்தால் அதில் என்ன தெரியும்?

இதுவரை சொன்னது பாதிக் கதை. மற்ற பாதி அவ்வளவு இனிப்பானது அல்ல. எதிரி பார்க்கிறான் என்றால் அரசுக்கு இரண்டு வழி உண்டு: குறையைச் சரிசெய்யலாம், அல்லது குறை சொல்கிறவரின் வாயை மூடலாம். அமெரிக்கா இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தது.

1947-ல் சமூகவியலாளர் டபிள்யூ.இ.பி. டு போய்ஸ் தலைமையில் என்.ஏ.ஏ.சி.பி. ஐ.நா. சபையிடம் ஒரு மனுவைக் கொடுத்தது. கறுப்பினத்தவரின் நிலையை மனித உரிமைப் பிரச்சினையாக உலகம் விசாரிக்க வேண்டும் என்பது அதன் கோரிக்கை. சோவியத் அதை ஆதரித்தது, அதுவே அமெரிக்கத் தரப்பு அதை ஒதுக்கப் போதுமான காரணமானது. ஐ.நா.வில் அமெரிக்கப் பிரதிநிதியாக இருந்த எலினார் ரூஸ்வெல்ட், என்.ஏ.ஏ.சி.பி.யின் நிர்வாகக் குழுவிலும் இருந்தவர். அவரே அந்த மனுவை ஆதரிக்கவில்லை. 1951 டிசம்பரில் வில்லியம் பேட்டர்சன் இன்னும் கடுமையான மனு ஒன்றைப் பாரிஸில் ஐ.நா.விடம் கொடுத்தார். இனப்படுகொலை என்ற சொல்லையே அது பயன்படுத்தியது. பேட்டர்சனின் பாஸ்போர்ட் பறிக்கப்பட்டது. அதே மனுவை நியூயார்க்கில் கொடுத்த பாடகர் பால் ராப்சனின் பாஸ்போர்ட் 1950-லேயே முடக்கப்பட்டிருந்தது, 1958 வரை அவர் அதற்காகப் போராடினார். டு போய்ஸும் பல ஆண்டுகள் வெளிநாடு போக முடியவில்லை.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உலகம் நம்மைக் கவனிக்கிறது என்று உச்ச நீதிமன்றத்தில் அரசு எழுதிக்கொடுத்தது 1952 டிசம்பர். உலகத்திடம் போய்ச் சொன்னவர்களின் பாஸ்போர்ட்டுகள் அப்போது அரசின் அலமாரியில் இருந்தன. எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. இரண்டுமே பெயரைக் காப்பாற்றும் வேலைதான்.

தென் மாநில இனவெறியர்களும் பனிப்போரைத் தங்களுக்கு வசதியாக எடுத்துக்கொண்டார்கள். உரிமை கேட்பவன் கம்யூனிஸ்ட், சமத்துவம் மாஸ்கோவின் சதி. இந்தப் பழிக்குப் பயந்தே என்.ஏ.ஏ.சி.பி. 1948-ல் டு போய்ஸை வெளியேற்றியது, இடதுசாரிகளிடமிருந்து விலகிக்கொண்டது என்று பல வரலாற்றாளர்கள் வாதிடுகிறார்கள். மார்ட்டின் லூதர் கிங்கின் ஆலோசகர் ஒருவருக்குக் கம்யூனிஸ்ட் தொடர்பு என்ற சந்தேகத்தைச் சொல்லி, 1963-ல் கிங்கின் தொலைபேசியை மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. ஒட்டுக்கேட்க, அதிபரின் தம்பியும் சட்ட அமைச்சருமான ராபர்ட் கென்னடி அனுமதி கொடுத்தார். 1961 மே மாதத்தில், அதிபர் கென்னடி சோவியத் தலைவர் குருஷ்சேவைச் சந்திக்க வியன்னா போகும் நேரத்தில், பேருந்துகளில் இனப்பிரிவினையை எதிர்க்கும் பயணப் போராட்டத்தைக் கொஞ்சம் ஆறப்போடுங்கள் என்று கேட்டவரும் இதே ராபர்ட் கென்னடிதான். நாங்கள் 350 ஆண்டுகளாக ஆறிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று பதில் சொன்னார் கோர் அமைப்பின் ஜேம்ஸ் ஃபார்மர். இங்கே கவனியுங்கள், ‘உலகம் பார்க்கிறது’ என்ற அதே வாதம்தான். ஒரு நாள் சீர்திருத்தத்துக்குக் காரணம், இன்னொரு நாள் பொறுத்திருக்கச் சொல்லக் காரணம். அது எந்தப் பக்கம் வெட்டும் என்பதைக் களத்தில் இருப்பவர்களின் பலம்தான் முடிவு செய்தது.

அந்தப் பலம் உச்சத்தில் தெரிந்தது 1963 மே மாதம், அலபாமாவின் பர்மிங்காமில். போலீஸ் ஆணையர் புல் கானர் பள்ளிப் பிள்ளைகள் மேல் நாய்களை ஏவினார், தீயணைப்புக் குழாய்களால் தண்ணீரைப் பீய்ச்சினார். அதே மாதம் ஆப்பிரிக்கத் தலைவர்கள் ஆடிஸ் அபாபாவில் கூடியிருந்தார்கள். அங்கிருந்து உகாண்டா பிரதமர் மில்டன் ஒபோட்டே கென்னடிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஜூன் 11 அன்று கென்னடி தொலைக்காட்சியில், உலகெங்கும் சுதந்திரத்தைப் போதிக்கிறோம், கறுப்பினத்தவரைத் தவிர மற்றவர்களுக்குத்தான் இது சுதந்திர நாடு என்று உலகத்திடம் சொல்லப்போகிறோமா என்று கேட்டார். சிவில் உரிமைச் சட்ட மசோதாவுக்கு ஆதரவாக நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னவர்களில் வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்கும் ஒருவர். 1964 ஜூலை 2 அன்று சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம்.

சட்டப் பேராசிரியர் டெரிக் பெல் 1980-ல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். கறுப்பினத்தவரின் நலனும் வெள்ளையினத்தவரின், குறிப்பாக அதிகாரத்தில் இருப்பவர்களின் நலனும் சந்திக்கும் புள்ளியில்தான் உரிமைகள் கிடைக்கின்றன என்றார் அவர். நலன்கள் பிரிந்துவிட்டால் முன்னேற்றமும் நின்றுவிடும். இது ரொம்பக் கசப்பான பார்வை, போராடியவர்களின் பங்கைக் குறைக்கிறது என்ற விமர்சனம் உண்டு. எனக்கும் அந்த விமர்சனத்தில் பாதி உடன்பாடுதான். பர்மிங்காமில் பிள்ளைகள் தெருவில் இறங்காவிட்டால் உகாண்டா பிரதமர் எதைப் பற்றி எழுதியிருப்பார்? நலன்கள் தாமாகச் சந்திப்பதில்லை, யாரோ ஒருவர் அவற்றை மோதவைக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் பெல் சொன்னதன் மறு பாதிக்குச் சாட்சி பிறகு வந்த ஆண்டுகள். பேருந்தின் இருக்கை, உணவக மேசை, வாக்குச் சீட்டு ஆகியவை வெளிநாட்டுக் கேமராவுக்குத் தெரியும். குறைந்த கூலி, நெரிசலான குடியிருப்பு, வீட்டுக்கடன் மறுப்பு இவை எளிதில் தெரியாது. தவிர, கூலியையும் சொத்தையும் பற்றிப் பேசினால் கம்யூனிஸ்ட் வாடை அடிக்கிறது என்பார்கள். வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தான ஐந்தே நாளில், 1965 ஆகஸ்ட் 11 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதி பற்றி எரிந்தது. அங்கே பிரச்சினை வேலையும் வீடும் போலீஸும். சட்டம் போட்டாகிவிட்டது, இன்னும் என்ன வேண்டும் என்று அமெரிக்கா இப்போது உலகத்திடம் கேட்க முடிந்தது. 1967 ஏப்ரலில் கிங் வியட்நாம் போரை வெளிப்படையாக எதிர்த்ததும் முன்பு பாராட்டிய பெரிய பத்திரிகைகளே அவரைச் சாடின, வெள்ளை மாளிகை அவரை ஒதுக்கியது. உள்நாட்டு உரிமை கேட்கலாம், வெளியுறவைத் தொடக்கூடாது என்பது எழுதப்படாத விதியாக இருந்திருக்கிறது.

வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப்பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் அமெரிக்க நாடாளுமன்றத்தில் 1966-ல் தோற்றது. 1968 ஏப்ரல் 4 அன்று கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில் கலவரம் வெடித்தது, தலைநகரிலும் புகை எழுந்தது. ஏப்ரல் 11 அன்று அதிபர் ஜான்சன் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இந்த முறை வாஷிங்டனை அவசரப்படுத்தியது மாஸ்கோ வானொலி அல்ல, சில தெருக்கள் தள்ளி எரிந்துகொண்டிருந்த சொந்த நகரம்.